புது மாஸ்க் ஏன் மங்குகிறது?

கேள்வி: டைவிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். நல்ல மாஸ்க்தான் வாங்கினேன். எச்சில் தடவியும் பார்த்தாயிற்று, ஆவி படியாமலிருக்க விற்கும் திரவத்தையும் போட்டுப் பார்த்தாயிற்று. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடி மங்கிவிடுகிறது. வேறு வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த மெல்லிய சிலிகான் படலம் இன்னும் போகவில்லை என்றே நினைக்கிறேன். புது மாஸ்க்கோடு பயிற்சிக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, "பேஸ்ட் போட்டுத் தேய்த்தீர்களா?" என்றுதான்.

மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று முகத்தின் சூட்டிலும் மூச்சிலும் ஈரமாகிறது. வெளியே தண்ணீர் கண்ணாடியைக் குளிரவைக்கிறது. ஆக, உள்பக்கம் நீர் படியத்தான் செய்யும். சுத்தமான கண்ணாடியில் அது ஏடுபோலப் பரவிவிடும், பார்வை மறைக்காது. பிசுக்கு இருந்தால் பொடிப்பொடித் துளிகளாக நின்று மறைக்கும். எச்சிலும் பேபி ஷாம்புவும் நீரைப் பரவவிடும். ஆனால் அந்தப் படலத்தை எடுக்காது.

ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை, காய்ந்த கண்ணாடியின் உள்பக்கம் விரல் நுனியால் அழுத்தித் தேயுங்கள். முகத்தில் படியும் சிலிகான் விளிம்பும் கண்ணாடியும் சேரும் ஓரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மங்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். கழுவிக் காயவைத்து, வாயால் ஊதிப் பாருங்கள். எங்காவது திட்டாக ஆவி தங்கினால் அந்த இடத்தை மறுபடி தேயுங்கள். உள்பக்கம் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் பற்பசை கூடாது. முதலில் குறிப்பைப் படித்துவிடுங்கள். படலத்தை எரித்துவிட சிலர் லைட்டர் தீயைக் காட்டுவார்கள். சிலிகான் விளிம்பு கருகும், கண்ணாடியும் விரிசல் விடலாம். நான் அனுமதிப்பதில்லை.

அப்புறம், ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் காய்ந்த கண்ணாடியில் எச்சிலோ நீர்த்த பேபி ஷாம்புவோ தடவி, ஒரே ஒரு முறை லேசாக அலசுங்கள். முகத்தையும் தண்ணீரில் நனைத்துவிட்டு மாட்டுங்கள். இடையில் நெற்றிக்கு ஏற்றிவைத்தால் வியர்வையும் சூடும் மறுபடி உள்ளே போகும். மூக்கால் மூச்சு விடும் பழக்கமும் மங்கலுக்குக் காரணம். ஆனால் ஆழம் இறங்கும்போது மாஸ்க் முகத்தை இறுக்கினால் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டே ஆக வேண்டும், அதை நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீருக்குள் மங்கிவிட்டால் பதறாதீர்கள். கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து கண்ணாடியில் அலம்பவிட்டு, பிறகு நிமிர்ந்து மேல் விளிம்பை அழுத்தியபடி மூக்கால் ஊதி வெளியேற்றுங்கள். ஆழமில்லாத இடத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே இதைப் பழகிவிடுங்கள்.

கேள்வி: நீச்சல் காகிள்ஸுக்கும் பற்பசை போடலாமா?

பதில்: கூடாது. அது பிளாஸ்டிக், கீறல் விழும். அதை மாட்டிக்கொண்டு ஆழத்துக்கும் இறங்காதீர்கள். மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்று விட்டு அழுத்தத்தைச் சமன்செய்ய வழியில்லை. கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும்.