கரைசல்கள் பாடமும் ரப்பர் பாலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குலசேகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். 'கரைசல்கள்' பாடம் தொடங்கினால் போதும், "இதெல்லாம் எதுக்கு டீச்சர் படிக்கணும்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். விண்வெளி ஆய்வு, மருத்துவம், மருந்துத் தொழிற்சாலை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உயர்கல்வி வழிகாட்டலுக்கு ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் பேசவும் வைத்தோம். கைதட்டினார்கள், மறுநாள் அதே கேள்வி. நன்றாகப் படிக்கிற ஐந்தாறு பேருக்கு உற்சாகம் வருகிறது. மற்றவர்கள் முன்பைவிட ஒதுங்கிப்போகிறார்கள். பாடத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை எப்படித்தான் காட்டுவது? பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆசிரியை, குலசேகரம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

"மற்றவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். கிறிஸ் ஹல்லமன், ஜூடித் ஹராக்கிவிச் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் செய்த ஆய்வு 2009இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பை மாணவர்களையே எழுதவைத்தார்கள். நமக்கு இது வராது என்று நினைத்திருந்த பிள்ளைகளின் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. ஆனால் 'இது உனக்குப் பயன்படும்' என்று ஆசிரியர் நேராகச் சொல்லும்போது, தன்னம்பிக்கை குறைந்த மாணவர்களிடம் அது எதிராகவும் வேலை செய்யலாம் என்று அதே துறையின் பிற ஆய்வுகள் காட்டின. யோசித்தால் புரிகிறது. கணக்கே வராத பையனிடம் இது ராக்கெட்டுக்கு வேண்டும் என்றால், ராக்கெட் நமக்கில்லை என்றுதான் முடிவு செய்வான்.

ஆகவே வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த வேலையில் ஒருவர் எடுக்கிற ஒரு முடிவை, எண்ணோடு சேர்த்து, வகுப்பில் கொடுங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ரப்பர் ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து வரும் பாலில் உலர் ரப்பர், அதாவது டி.ஆர்.சி., பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம் வரை. ஷீட் அடிக்க அதைத் தண்ணீர் விட்டு 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். ஒரு டிஷ்ஷுக்கு, அதாவது பாலைத் திரியவைக்கும் தட்டுக்கு, 4 லிட்டர் என்றால் அரைக் கிலோ ஷீட். பால் 35 சதவீதம் என்றால் எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர்? ஏறக்குறைய 1.43 லிட்டர் பால், 2.57 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு எல்லோருக்கும் வரும். முதலில் அது வரட்டும்.

அடுத்தது அமிலம். கேனில் இருப்பது 85 சதவீத ஃபார்மிக் அமிலம். பாலைத் திரியவைக்க வேண்டியது 0.5 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் தயாரிக்க எத்தனை மில்லி? வகுப்பில் பாதிப் பேர் 1000-ஐ 0.5-ஆல் பெருக்கி 85-ஆல் வகுத்து 5.9 என்பார்கள். அப்படியே எழுதிவையுங்கள், திருத்தாதீர்கள். பிறகு, கேனில் போட்டிருக்கிற 85 எடைக்கு எடை, அதாவது 100 கிராமில் 85 கிராம், என்று சொல்லுங்கள். அந்த அமிலம் ஒரு மில்லி சுமார் 1.2 கிராம் எடை. அதில் அமிலம் மட்டும் 1.02 கிராம். ஒரு லிட்டர் கரைசலுக்கு வேண்டியது 5 கிராம், ஆகவே 4.9 மில்லி போதும். எடைக்கு எடையா, கன அளவுக்கு எடையா என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்வது எதற்கென்று இந்த ஒரு மில்லி சொல்லிவிடும். அமிலம் குறைந்தால் ரப்பர் முழுதாகத் திரியாது. அடியில் நிற்கிற தண்ணீர் தெளியாமல் வெள்ளையாகவே இருக்கும், ரப்பர் அதோடு ஓடிப்போகும். கூடினால் கட்டி இறுகி ரோலரில் சரியாக ஓடாது. நீர்க்காமல் ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் கட்டியாகும். பன்னிரண்டாம் வகுப்பில் கூழ்மங்கள் வரும்போது இதே டிஷ்ஷுக்குத் திரும்பி வரலாம்: ரப்பர் துகள்களுக்கு எதிர்மின்சுமை, அமிலம் அதைச் சமன் செய்கிறது, அம்மோனியா திரியாமல் காக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 85 சதவீத ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும், ஆவி கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. கணக்கு காகிதத்தில் போதும். திரிவதைக் காட்ட ஆவின் பாலும் நீர்த்த வினிகரும் போதும்.

ரப்பரோடு நின்றால் இது ரப்பர்க்காரர் வீட்டுப் பாடமாகிவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸிங் போக நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு அதே பாடம். 0.9 சதவீத சலைன் என்றால் 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு. இங்கே சதவீதம் கன அளவுக்கு எடை. 500 மில்லி பாட்டிலில் 4.5 கிராம். அதை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் செட் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. 15 சதவீத ஆம்பூல் (சின்ன மருந்துக் குப்பி), 10 மில்லி. அதில் 1.5 கிராம், மோலார் நிறை 74.5, ஆக 20 மில்லிமோல். அதை நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டிரிப் பாட்டிலில் கலந்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். 500 மில்லியில் கலந்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று கேளுங்கள். மோல் கணக்கைப் பார்த்துப் பயப்படுகிற பெண், இந்தக் கணக்கைத் தவறவிடக் கூடாது என்று தானாகவே இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பாள்.

இதற்குப் பிறகு வேலையின் பெயரைச் சொல்லுங்கள், அதற்கான வழியோடு. பாலை 60 சதவீதத்துக்குச் செறிவூட்டும் நிலையத்தில் சோதனைக்கூட உதவியாளர் என்ன செய்கிறார்? சாம்பிளை எடைபோட்டு, அமிலத்தில் திரியவைத்து, மெலிதாகத் தேய்த்து, அடுப்பில் உலர்த்தி மறுபடி எடைபோடுகிறார். அவர் எழுதும் எண்ணை வைத்துத்தான் பாலுக்குப் பணம்: 100 கிலோ பாலில் டி.ஆர்.சி. 35க்குப் பதில் 33 என்று எழுதினால் விற்றவருக்கு 2 கிலோ ரப்பரின் விலை போயிற்று. அந்த வேலைக்கு வேதியியல் பட்டம் உதவும். மேலே போக நினைத்தால் சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பப் படிப்பு உண்டு. கொச்சி பல்கலைக்கழகத்தில் பாலிமர், ரப்பருக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

யார் வீட்டில் பால்வெட்டுகிறார்கள் என்று மட்டும் வகுப்பில் கேட்காதீர்கள். விடிவதற்கு முன் அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வருகிற பையன் அதைச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். கணக்கைப் பொதுவாகக் கொடுங்கள். அவனுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவனே சொல்லட்டும்.

வெளியாளை அழைப்பதாக இருந்தால் அதிகாரி வேண்டாம், ஷிஃப்ட்டில் நிற்கிறவரை அழையுங்கள். 20 நிமிடம் போதும். இன்று எந்த எண்ணை வைத்து முடிவெடுத்தீர்கள், அது தவறினால் என்ன ஆகும், எதில் எழுதிவைப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பாடம் முடிந்ததும் பத்து நிமிடம் அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள்: இதில் ஒன்று, உனக்குத் தெரிந்த ஒருவருடைய வேலையில் எங்கே வருகிறது? முதல்முறை "அறிவியல் எல்லாத் துறைக்கும் தேவை" என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்து, யார், எந்த அளவு, தப்பினால் என்ன என்று மட்டும் ஓரத்தில் எழுதுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு உலோகவியலுக்கு நம் கடற்கரை மணவாளக்குறிச்சியின் கனிம மணல் இருக்கிறது. அதில் உள்ள நான்கு கனிமங்களைப் பாருங்கள். இல்மனைட் காந்தத்தில் ஒட்டும், மின்சாரத்தைக் கடத்தும். ரூட்டைல் கடத்தும், ஒட்டாது. சிர்கான் இரண்டும் செய்யாது. மோனசைட் லேசாக ஒட்டும், கடத்தாது. இந்த அட்டவணையைக் கொடுத்து எதை முதலில், எதைக்கொண்டு பிரிப்பாய் என்று கேளுங்கள். மணலை அள்ளிவரச் சொல்ல வேண்டாம். மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ளது. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் மணல் எடுப்பதை எதிர்த்துப் பேசினால் பேச விடுங்கள். அந்தக் கவலையை அளந்து பார்ப்பதற்கும் வேதியியல் படித்தவர்கள் வேண்டும்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். கூடுதல் வகுப்பு எதுவும் வேண்டாம். புத்தகத்தில் உள்ள மாதிரிக் கணக்குகளில் இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அமிலத்தையும் சலைனையும் வையுங்கள்; சூத்திரம் அதேதான், தேர்வுக்கும் குறைவு வராது. எல்லாப் பாடத்துக்கும் வேலையைத் தேடிப் போகவும் வேண்டாம். குவாண்டம் எண்களுக்கு வலிந்து ஒரு தொழிலைக் கட்டினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தனிம வரிசை அட்டவணை ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்பதற்கு இது வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டு நடத்துங்கள்.