மருந்துக்கு அடங்காத கிருமி: வடசென்னைக்காரர்கள் கேட்டவை

மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்த்தவள், தண்டையார்பேட்டைக்காரி. அதனால் அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

ராயபுரம்: அக்கா, ஆன்டிபயாடிக் கேட்காத கிருமி நம்ம பக்கம்தான் அதிகமாமே?

கல்ச்சர் டெஸ்ட், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை, எடுக்கிற இடத்தில்தான் கணக்கு ஏறும். மீஞ்சூர்க்காரர் வந்து அட்மிட் ஆனாலும் வரைபடத்தில் புள்ளி ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் விழும். டெஸ்டே எடுக்காத ஊர் சுத்தமாகத் தெரியும். அதனால் ஊர்ப்பெயரை விடுங்கள், சூழ்நிலையைப் பாருங்கள். நெருக்கமான வீடுகள், பொதுக்கழிப்பறை, குடிநீர்க் குழாயை ஒட்டியே கழிவுநீர்க் குழாய். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கும். விரிசல் இருந்தால் வெளியே தேங்கிய சாக்கடை உள்ளே போகும். காலையில் முதல் குடம் நாறுவது பெரும்பாலும் இதனால்தான். மனிதக் குடலில் வளர்ந்த எதிர்ப்புக் கிருமி அதோடு அடுத்த வீட்டுக்கும் போய்விடும்.

வியாசர்பாடி: மருந்துக்கே சாகாதது வெந்நீரில் சாகுமா?

சாகும். மருந்தை உடைக்கிற வித்தை வெப்பத்திடம் எடுபடாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அப்புறம் அந்தக் குடத்தில் கைவிட்டு மொள்ளாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: அம்மாவுக்குச் சர்க்கரை. நீர்க்கடுப்பு வந்தால் மெடிக்கலில் இரண்டு நாள் மாத்திரை வாங்குவோம். இந்த முறை கேட்கவில்லை.

நான் அதிகம் பார்த்த கதை இது. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அரைகுறை மாத்திரை போடும் ஒவ்வொரு முறையும் பலவீனமானவை சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். சர்க்கரை இருப்பவர்களுக்குத் தொற்று அடிக்கடி வருவதால் மாத்திரையும் அடிக்கடி, சிக்கலும் அதிகம். இனி புது மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீர் கல்ச்சர் கொடுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். குளிர்ஜுரமோ விலாவலியோ இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

செஃபிக்ஸைம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாது, வாங்கியவர் பெயரையும் டாக்டர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. கடைக்காரர் தம்பி நல்லவர்தான், கேட்டால் கொடுத்துவிடுகிறார். கேட்காதீர்கள்.

திருவொற்றியூர்: டெல்லி பெயர் வைத்த கிருமி சென்னையில் இருந்ததா?

கிருமிக்கு வைத்த பெயர் அல்ல அது. கிருமி உண்டாக்கும் என்டிஎம்-1 (என்டி என்றால் நியூ டெல்லி) என்ற நொதிக்கு வைத்தது. கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனமையே உடைக்கும். 2010இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வில் சென்னை மாதிரிகள் 44இல் அது இருந்தது. மறு ஆண்டு டெல்லிக் குழாய்த் தண்ணீரிலும் கண்டார்கள். பெயர் வைத்த விதத்தில் அப்போது பெரிய சண்டை. எனக்குத் தண்ணீர்ச் செய்திதான் உறுத்தியது.

காசிமேடு: மீனில் ஆன்டிபயாடிக் உண்டா, சார்?

சார் இல்லை, மேடம்! கடலில் பிடித்த மீனுக்கு யார் மருந்து போடுகிறார்கள்? பண்ணை இறால், பிராய்லர் கோழி வேறு விஷயம். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலப்பதை 2019இல்தான் தடை செய்தார்கள். நன்றாக வேகவையுங்கள். பச்சைக்கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்க வேண்டாம்.

எண்ணூர்: ஐசியுவில் இருந்து வந்த அண்ணனுக்கு எதிர்ப்புக் கிருமி என்று ரிப்போர்ட். குழந்தைகளை ஒதுக்கி வைக்கணுமா?

வேண்டாம். கழிப்பறைக்குப் பின்னும் சாப்பாட்டுக்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், துண்டு தனியாக இருக்கட்டும். புண் இருந்தால் கட்டி மூடி வையுங்கள். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்; அடுத்து எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதல் நாளே காட்டுங்கள்.