முள்மயிர் டார்மவுஸுக்கு மரபணுக் குறிப்பான்: கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும், அழியும் அபாயத்தில் உள்ள மலபார் ஸ்பைனி டார்மவுஸ் என்ற முள்மயிர்ச் சிறு விலங்கை டி.என்.ஏ-வால் அடையாளம் காணும் குறிப்பான் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்.

வால்பாறை: அண்ணா, சுண்டெலிக்கு ஏற்கெனவே இருக்கிற மைக்ரோசாட்டிலைட் பிரைமரையே இதுக்கும் போட்டால் ஆகாதா?

மைக்ரோசாட்டிலைட் என்றால் டி.என்.ஏ எழுத்துகள் (A, T, G, C) சில திரும்பத் திரும்ப வரும் இடம். அதன் இருபுறமும் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கும் சிறு துண்டுதான் பிரைமர். போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் நகல் பெருகாது, பேண்டு விழாது. பேரில் மவுஸ் இருந்தாலும் இது பிளாட்டகாந்தோமிடே குடும்பம், எலிக் கூட்டத்தை விட்டு வெகுகாலம் முன்பே பிரிந்த கிளை. பிரைமரின் 3′ முனையில் (நகல் வளரத் தொடங்கும் முனை) ஓரிரு எழுத்து மாறினாலே ஒட்டாது. ஒரே இடத்துக்குத் தாயும் தந்தையும் தரும் ரெண்டு வடிவங்களில் (அல்லீல்) ஒரு அல்லீலில் ஒட்டி இன்னொன்றில் ஒட்டாவிட்டால் இன்னும் மோசம்: ஹெட்டிரோசைகோட் (ரெண்டு அல்லீலும் வேறு) ஹோமோசைகோட்டாக (ரெண்டும் ஒன்று) தெரியும், இல்லாத உள்இனப்பெருக்கம் கணக்கில் வரும். இதுக்குப் பேர்தான் நல் (null) அல்லீல். பேரில் மட்டும்தான் நல்லது.

சொந்தமாகவே எடுங்க. ஒரு விலங்கின் நல்ல திசு, இலுமினா டி.என்.ஏ வாசிப்புக் கருவியில் 150 எழுத்து இருபக்க வாசிப்பு, குறைந்த ஆழமே போதும். மிசா என்ற மென்பொருளில் நாலெழுத்துத் தொடர் 8 முறைக்கு மேல் திரும்புவதைத் தேடி, பிரைமர்3 மென்பொருளில் துண்டின் நீளம் 100–250 பிபி (எழுத்து ஜோடி), பிரைமர் உருகும் வெப்பநிலை 58–60 டிகிரி வையுங்க. 48 ஜோடி வாங்கினால் ஒரு டஜன் தேறும்.

ரெண்டெழுத்துத் தொடர் வேண்டாம். துண்டின் நீளத்தைக் காட்டும் வரைபடத்தில் 182 பிபி-ல் நிஜச் சிகரம் நிற்கும்போது 180-ல் ஒரு குட்டிச் சிகரம் வழுக்கலாக வரும். அது 180/182-ஆ, வெறும் 182-ஆ என்று கண்ணால் சொல்ல முடியாது. நாலெழுத்தில் வழுக்கல் குறைவு, நாலு பிபி தள்ளியும் நிற்கும்.

கம்பம்: சார், மயிர் போதுமா, காது நறுக்கணுமா?

குறிப்பான் உருவாக்கத் திசு, பிறகு கணக்கெடுக்க மயிர். காதில் 2 மிமீ துளை, திசுவைப் போல் பத்து மடங்கு அப்சல்யூட் ஆல்கஹால். கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் டி.என்.ஏ கெடும். முதுகு முள்ளை விட்டுவிட்டு வயிற்று மென்மயிரை வேரோடு 15, 20 பிடுங்கிக் காகித உறையில், சிலிக்கா ஜெல்லோடு. கத்தரித்த மயிர் வீண்.

பொறியைத் தரையில் வைக்காதீங்க, கிளையில் கட்டுங்க. பலாச்சுளைக்கு வரும் (கள்ளுப் பானையிலும் வாய் வைக்கும் பிராணி). குமுளி தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அந்த மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமும் அனுமதி வேண்டும்.

பொள்ளாச்சி: ஒரே மயிர் சாம்பிள், ரெண்டு ஓட்டத்தில் ரெண்டு விடை வருதே?

டி.என்.ஏ துளி அளவே இருந்தால் ஒரு அல்லீல் பிசிஆர் எனும் டி.என்.ஏ நகலெடுப்பில் தவறிப்போகும். ஒவ்வொரு அல்லீலையும் ரெண்டு தடவையாவது பார்த்தபின் ஹெட்டிரோசைகோட் என எழுதுங்க. ஹோமோசைகோட்டுக்குக் குறைந்தது மூணு ஓட்டம் ஒத்துவரணும்.

கூடலூர்: நீலகிரி, ஆனைமலை சாம்பிளைச் சேர்த்தேன். எல்லா லோகஸும் ஹார்டி-வைன்பெர்க்கில் தோற்குது.

லோகஸ் என்றால் ஒரு குறிப்பான் இடம். ஹார்டி-வைன்பெர்க் என்றால், ஒரே கூட்டம் கலந்து இணைசேர்ந்தால் எத்தனை ஹெட்டிரோசைகோட் இருக்கணும் என்ற கணக்கு. பிரைமரைத் திட்டாதீங்க. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கு. பெரும்பாலும் மரத்திலேயே வாழும் பிராணி அந்தச் சமவெளியைத் தாண்டாது. ரெண்டு கூட்டத்தை ஒன்றாகக் கலந்தால் ஹெட்டிரோசைகோட் குறைந்துதான் தெரியும். தனித்தனியாகச் சோதிங்க. ரெண்டு பக்கமும் தோற்கிற லோகஸை மட்டும் தூக்குங்க.