வேலைக்கும் வெளியிடங்களுக்கும் ஏற்ற, நல்ல வெளிச்சமுள்ள சார்ஜ் டார்ச் லைட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியின் சாரம் இது: இரவு நேரப் பராமரிப்பு வேலைக்கும், விடுமுறையில் காட்டுப் பாதைகளில் நடப்பதற்கும் சேர்த்து ஒரே டார்ச் வேண்டும். ஒற்றை 18650 பேட்டரியில் 10,000 லூமன் (வெளியே வரும் வெளிச்சத்தின் அளவு), 10 மணி நேரம் எரியும் என்று அட்டையில் போட்ட ஒன்றைப் பார்த்திருக்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். மோட்டார், பம்ப், கன்ட்ரோல் பேனல் என்று இரவு ஷிஃப்டில் வேலை பார்ப்பவன் நான். ஸ்பேனரோடும் டெஸ்டரோடும் சேர்ந்து டார்ச்சும் தினமும் என் கையில் இருக்கும் கருவி. வேலை முடியும்வரை குறையாமல் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை வைத்துத்தான் டார்ச்சை எடைபோட வேண்டும். முதல் நிமிடத்துப் பளிச்சை நம்பி வாங்கினால், பேனலுக்குள் தலையை விட்டிருக்கும் நேரத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும்.

அட்டையில் உள்ள எண் நம்பக்கூடியதா என்று பார்க்கச் சின்னக் கணக்கு போதும். 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள லித்தியம் அயான் செல். சாம்சங், எல்ஜி, பானாசோனிக் போன்ற செல் தயாரிப்பாளர்களின் பரவலான நல்ல செல்களில் கொள்ளளவு 3500 எம்ஏஎச், அதாவது 3.5 ஆம்பியர் மணி அளவில் இருக்கும். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி. அந்தச் செல்லுக்குள் இருக்கும் மொத்த ஆற்றல் அவ்வளவுதான். லென்ஸ், ரிஃப்ளெக்டர், சர்க்யூட் எல்லாவற்றின் இழப்பும் போக, ஒரு வாட்டுக்கு 100 லூமன் வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக எரியவிட்டால் இதைவிடக் கூடவும், உச்சத்தில் எரியவிட்டால் குறையவும் செய்யும். மதிப்பிட இது போதுமானது. ஆக, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய ஒரு 18650 செல்லால் 1000 லூமனை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் தரமுடியும். 10,000 லூமனை 10 மணி நேரம் தரவேண்டுமானால் 1000 வாட் மணி வேண்டும். அதாவது எண்பது செல்கள். ஒற்றைச் செல் டார்ச்சில் அது நடக்கவே நடக்காது. 18650 செல்லின் மேல் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அதுவும் பொய் என்று இதே கணக்கு காட்டிக்கொடுக்கும்.

21700 என்ற அளவு இப்போது நிறைய டார்ச்களில் வருகிறது. 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம், சுமார் 5000 எம்ஏஎச், ஆகவே 18 வாட் மணி. கைக்குள் அடங்கும் தடிமனில் இவ்வளவு ஆற்றல் இருப்பதால், வேலைக்கென்று ஒரு டார்ச் வாங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இந்த அளவைத்தான்.

ஆற்றல் போதுமென்றாலும் சூடு விடாது. எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. உள்ளங்கை அளவுள்ள அலுமினிய உடலால் சில வாட் வெப்பத்தை மட்டுமே காற்றுக்குத் தள்ள முடியும். அதனால் நல்ல டார்ச்கள் எல்லாமே, உடல் சூடேறியதும் வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும்படி செய்யப்படுகின்றன. இது குறை அல்ல, உங்கள் கையையும் எல்இடியையும் காப்பாற்றும் ஏற்பாடு. ஒற்றைச் செல் டார்ச் எவ்வளவு பெரிய எண்ணோடு தொடங்கினாலும், சில நிமிடங்களில் 500 முதல் 800 லூமனுக்குள் வந்து நிற்பதுதான் வழக்கம். நாள்தோறும் நீங்கள் பயன்படுத்தப்போவது அந்த வெளிச்சத்தைத்தான்.

ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு அளவீட்டுத் தரம் 2009 முதல் இருக்கிறது. அது அட்டையில் இருந்தால் ஓரளவு நம்பலாம், ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும். டார்ச்சைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் லூமன் அளக்கப்படுகிறது. எரியும் நேரம் என்பது, தொடக்கத்தில் இருந்த வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும்வரை ஆகும் நேரம். 2000 லூமன், 3 மணி நேரம் என்று எழுதியிருக்கும் டார்ச், மூன்றாவது நிமிடத்தில் 700க்கு இறங்கி, இரண்டு மணி நேரம் கழித்து 300க்கும் இறங்கியிருக்கலாம். அந்த அட்டையில் பொய் இல்லை. ஆகவே வெறும் எண்ணைப் பார்க்காமல், நேரத்துக்கும் வெளிச்சத்துக்குமான வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அக்கறையுள்ள தயாரிப்பாளர்கள் கையேட்டில் போடுகிறார்கள், தனியாக அளந்து வெளியிடும் ஆர்வலர்களும் நிறைய உண்டு. அந்தக் கோடு ஓர் இடத்தில் சமதளமாக ஓட வேண்டும். பேட்டரி தீரத் தீரச் சாய்ந்துகொண்டே போகும் கோடு என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் மட்டமானது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். லூமன் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரியாது. அப்படித் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு தேவைப்படும். 1000க்கும் 1200க்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்கூடச் சொல்வது கடினம். அந்த 200 லூமனுக்காக வேறு நல்ல குணங்களை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது தூரம். லூமன் என்பது வெளியே வரும் மொத்த வெளிச்சம், கேண்டெலா என்பது ஒரு திசையில் அதன் செறிவு. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எட்டப் பாய்கிறதே, தண்ணீரின் அளவா கூடுகிறது? அப்படித்தான் இதுவும். எஃப்எல்1 சொல்லும் தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை. ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் கிடைக்கும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400 மீட்டர். ஆனால் அந்த எல்லையில் நிற்பது மனிதரா மரமா என்று தெரியாது. அடையாளம் காணும் தூரம் என்று பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்கெட்டும் தூரத்தில் வேலை பார்ப்பவருக்குத் தூரம் பாயும் ஒளி தொல்லை. நடுவில் கூசும் வட்டமும் சுற்றிலும் இருட்டுமாக இருந்தால், பேனலுக்குள் வயர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தொடரவே முடியாது. நடைப்பயணத்தில் காலடியும் தெரியவேண்டும், பாதை திரும்பும் இடமும் தெரியவேண்டும். இரண்டுக்கும் ஒரே டார்ச் என்றால், மென்மையான நடுவட்டமும் அகலமான சுற்றொளியும் உள்ள, 10,000 முதல் 15,000 கேண்டெலாவுக்குள் வருவதைப் பாருங்கள். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஃபோகஸ் மாற்றும் ரகத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஒளியைக் குவிக்கும்போது கணிசமான பகுதி உள்ளேயே வீணாகிறது, நகரும் இடுக்கு வழியாகத் தண்ணீரும் தூசியும் நுழைகின்றன.

வெளிச்சத்தின் நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலோர் கேட்பதே இல்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதிக லூமன் எண்ணைக் காட்டுவதற்காகப் பல டார்ச்களில் 6500 கெல்வின் நீலச்சாயல் வெள்ளையும், 70 அளவு சிஆர்ஐயும் உள்ள எல்இடி போடுகிறார்கள். சிஆர்ஐ என்பது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு, உச்சம் 100. 70 சிஆர்ஐ ஒளியில் சிவப்பு மங்கிப்போகும். பிரவுன் வயரும் சிவப்பு வயரும் ஒன்றுபோல இருக்கும். தரையில் கிடப்பது தண்ணீரா எண்ணெயா, போல்ட்டின் மேல் இருப்பது துருவா வெறும் அழுக்கா, கருகிய இன்சுலேஷனா நிழலா என்று தடுமாற வேண்டியிருக்கும். காட்டிலும் இதே கதைதான்: காய்ந்த இலையும் அதன் மேல் கிடக்கும் பாம்பும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடும். 4000 முதல் 5000 கெல்வினுக்குள், சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள எல்இடியை எடுத்துப் பாருங்கள். நிச்சியா நிறுவனத்தின் 519ஏ எல்இடி இதற்குப் பேர்போனது. இந்த வகையில் லூமன் எண் சற்றுக் குறையும். கண்ணுக்கு அந்தக் குறைவு தெரியவே தெரியாது என்று மேலே சொன்னேன்; நிறம் தெளிவது போட்ட அந்த நொடியே தெரியும். வேலைக்கென்று கேட்பவர்களிடம் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சுழலும் இயந்திரங்களோடு வேலை என்றால் இன்னொரு ஆபத்தைக் கவனியுங்கள். சில டார்ச்கள் குறைந்த வெளிச்சத்தில், எல்இடியை வேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. அந்தத் துடிப்பும் தண்டின் சுழற்சியும் பொருந்திவிட்டால், ஓடும் ஷாஃப்ட் நிற்பதுபோலவோ மெதுவாகச் சுற்றுவதுபோலவோ கண்ணுக்குத் தெரியும். போன் கேமராவை வெளிச்சம் விழும் சுவரில் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு இருக்கிறது. அந்த டார்ச் இயந்திரத்தின் பக்கத்தில் வேண்டாம்.

பேட்டரி கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். லித்தியம் அயான் செல் சில நூறு சார்ஜ் சுற்றுகளில் தேய்ந்துவிடும். உள்ளேயே மூடி ஒட்டியிருந்தால் அதோடு டார்ச்சும் குப்பைக்குப் போகும். கழற்ற முடிந்தால் புதுச் செல் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம், நடுவழியில் தீர்ந்தாலும் இன்னொரு செல்லைப் போட்டுக்கொள்ளலாம். அதிலும் அந்த நிறுவனத்தின் தனிச் செல் மட்டுமே பொருந்தும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். உதிரிச் செல்லை எப்போதும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். மேல் உறை கிழிந்த செல்லையும் நசுங்கிய செல்லையும் பயன்படுத்தவே கூடாது.

சார்ஜ் ஏற்ற யுஎஸ்பி-சி போர்ட் இருப்பது நல்லது. ஆனால் உள்ளே போட வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைச் சிலர் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட டார்ச், இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது. பழைய ஏ முனை கேபிள்தான் தேட வேண்டும். பின்பக்கம் காந்தத்தால் ஒட்டும் சார்ஜர் கைக்கு வசதி, மழைக்கும் நல்லது. கிரைண்டிங் நடக்கும் இடத்தில் மட்டும் அந்தத் தொடுமுனையில் இரும்புத்தூள் அப்பிக்கொள்ளும், துடைத்துவிட்டுத்தான் சார்ஜரை வைக்க வேண்டும். வேலையில் டார்ச்சை பேனல் கதவில் ஒட்டவைக்கக் காந்தம் பெரிய உதவி. நடைப்பயணத்தில் அதே காந்தம் திசைகாட்டியை, போனில் உள்ளதையும் சேர்த்து, குழப்பும்.

தண்ணீரையும் தூசியையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது ஐபி மதிப்பீடு. மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும். தண்ணீரில் விழ வாய்ப்பிருந்தால் ஐபிஎக்ஸ்7, அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனை. எக்ஸ் என்ற எழுத்து இருக்கும் இடம் தூசிக்கானது, அதற்கு மதிப்பீடு தரவில்லை என்று பொருள். சிமென்ட், மாவு, மரத்தூள் பறக்கும் இடம் என்றால் ஐபி67 அல்லது ஐபி68 என்று முழு எண் இருக்கிறதா பாருங்கள்.

சுவிட்ச் விஷயத்தில் என் எதிர்பார்ப்பு எளியது. கையுறையோடு தடவிக் கண்டுபிடிக்க வேண்டும், போட்டதும் நடுத்தர வெளிச்சத்தில் தொடங்க வேண்டும், கண்சிமிட்டும் ஸ்ட்ரோப் வழியில் குறுக்கிடக்கூடாது. பைக்குள் தானாக எரியாதபடி பூட்டும் வசதி கட்டாயம்; பெரிய டார்ச் பைக்குள் எரிந்தால் துணி பொசுங்கும். ஒரு லூமன் அளவில் மிகக் குறைந்த வெளிச்சமும் இருக்கவேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. கூடாரத்துக்குள் வரைபடம் பார்க்க 500 லூமன் அடித்தால் அத்தனையும் ஒரு நொடியில் போய்விடும்.

ஹெட்லாம்ப் வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அதற்கு ஈடில்லை. ஆனால் பனியிலும் மழைத் தூறலிலும் அது கண்ணை ஒட்டியே இருப்பதால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிவிடும். அங்கே இடுப்பளவில் பிடித்த கை டார்ச்தான் பாதையைக் காட்டும். தலை உடலுக்குச் செங்கோணத்தில், எல் (L) வடிவில் திரும்பியிருக்கும் டார்ச் ஒன்றை, நெற்றிப் பட்டையிலும் மாட்டலாம், கழற்றிக் கையிலும் பிடிக்கலாம், காந்தத்தால் ஒட்டவும் வைக்கலாம். கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது அதுதான்: 21700 செல், 90க்கு மேல் சிஆர்ஐ, நிலையாக 500 லூமனுக்குக் குறையாத, செங்கோணத் தலை டார்ச். அந்த வடிவத்தில் 10,000 கேண்டெலா கிடைப்பது அரிது, தூரம் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். நடைப்பயணத்தில் தூரம் முக்கியம் என்று உணர்ந்தால் பிறகு நேர் டார்ச் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எரிவாயு, பெட்ரோல் ஆவி, கரைப்பான் வாடை உள்ள இடத்துக்கு மேலே சொன்ன எதையும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே வெடிப்பு அபாயமுள்ள இடங்களுக்கான ஏடெக்ஸ் அல்லது ஐஇசிஇஎக்ஸ் சான்றிதழ் பெற்ற, அந்த அபாய மண்டலத்துக்குரிய டார்ச் மட்டும்தான். அவற்றில் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அங்கே ஒரு பொறி உயிரை எடுத்துவிடும்.

வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அறையில் உச்ச வெளிச்சத்தில் போட்டு, பக்கத்திலேயே இருந்து பத்து நிமிடம் கழித்து எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அதே நிலையில் பேட்டரி தீரும்வரை ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் சொன்னதற்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.