பெரிய கார்புரேட்டர் போட்டால் மலை ஏறுமா?

கேள்வி: அண்ணே, என்னிடம் 1994 மாடல் ஆர்எக்ஸ் 100 இருக்கிறது, மாமா ஓட்டியது. மேட்டுப்பாளையத்தில் ஓட்டினால் பறக்கிறது. கோத்தகிரிக்கு ஏறினால் முக்குகிறது, நாலாவது கியரே போட முடியவில்லை. 28 எம்எம் கார்புரேட்டர் போட்டால் பிக்கப் அள்ளும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆன்லைனில் மலிவாகவும் கிடைக்கிறது. போடலாமா? – கோத்தகிரி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. காசை எடுத்து வையுங்கள், வேறு வேலைக்கு ஆகும்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. கார்புரேட்டர் என்பது காற்றோடு பெட்ரோலைக் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான். அதே வண்டி, அதே கார்புரேட்டர். கீழே ஓடுகிறது, மேலே ஓடவில்லை. ஏற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், இடையில் மாறியது காற்றுதான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. 98 சிசி இஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கிற காற்று அவ்வளவு குறைந்தால் பவரும் அவ்வளவு குறையத்தான் செய்யும். கம்பெனி சொன்ன 11 குதிரைத்திறனில் கோத்தகிரியில் ஒன்பது சொச்சம் கிடைத்தால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதை எந்தக் கார்புரேட்டரும் திருப்பிக் கொடுக்காது.

சரி, பெரியது போட்டால் என்ன ஆகும்? செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும், விரலை எடுத்தால் காலடியிலேயே விழும். கார்புரேட்டரின் தொண்டையும் அப்படித்தான். அங்கே காற்று வேகமாகப் போனால்தான் ஜெட் என்கிற சின்ன ஓட்டையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். உங்கள் வண்டிக்கு கம்பெனி கொடுத்தது 20 எம்எம் தொண்டை உள்ள மிக்குனி கார்புரேட்டர். அதை 28 ஆக்கினால் தொண்டையின் பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றுகிற சுற்று) ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போது காற்றின் வேகம் பாதியாகும், உறிஞ்சும் பலம் கால்வாசியாகிவிடும். வண்டி 'பொக்'கென்று அடங்கி, கொஞ்சம் யோசித்து, அப்புறம்தான் கிளம்பும். ரேஸ் மைதானத்தில் எப்போதும் உச்ச ஆர்பிஎம்மில், சிலிண்டரில் காற்றும் புகையும் போய்வரும் போர்ட்டையும் சைலன்சரையும் சேர்த்து மாற்றி ஓட்டுபவர்களுக்கு அது சரிப்படும். நமக்கு வேண்டியது கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் அடியிலிருந்து இழுக்கிற இழுவை. பெரிய கார்புரேட்டர் முதலில் கெடுப்பது அதைத்தான்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். இளவயதில் என் யெஸ்டியில் பெரியதொன்றை மாட்டிக்கொண்டு கல்லட்டி மலைப்பாதையில் ஏறினேன். அங்கே 36 வளைவு. பாதிகூட ஏறவில்லை, வளைவின் நடுவிலேயே வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, நான் கிக்கரை உதைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாளே பழைய கார்புரேட்டர் திரும்ப ஏறிவிட்டது.

இனி முக்கியமான விஷயம். கீழே பறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயமே அங்கேதான். மலையில் காற்று குறைகிறது, ஜெட் விடுகிற பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை, அதனால் கலவையில் பெட்ரோல் கூடிவிடும். கோத்தகிரியில் இது எட்டு ஒன்பது சதவீதம், ஊட்டியில் பன்னிரண்டு வரை வரும். அதனால்தான் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் மலை வண்டி என்றாலே மெயின் ஜெட்டை ஒரு நம்பர் குறைத்து, அதாவது ஓட்டை சிறியதாகப் போடுவார்கள். அப்போது அது சரி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு இந்தப் பெட்ரோல் எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக வேண்டும். பழைய ஜெட் கூடுதலாக விடுமா? விடாது. ஆக கோத்தகிரியில் உயரம் கூட்டியதை எத்தனால் கழித்துவிடுகிறது, கம்பெனி ஜெட் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். மேட்டுப்பாளையத்தில் கழிக்க உயரம் இல்லை, கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவையில் டூ ஸ்ட்ரோக் வண்டி சுறுசுறுப்பாகத்தான் தெரியும், கூடவே சூடும் ஏறும், ஒரு நாள் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். மாமா காலத்தில் யாராவது ஜெட்டைக் குறைத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கழற்றி, ஜெட்டில் அடித்திருக்கும் நம்பரைப் பார்த்து, கம்பெனி நம்பரோடு ஒப்பிடுங்கள். கோயம்புத்தூர் வரை அடிக்கடி போய்வருபவர் என்றால் ஒரு நம்பர் கூட்டிப் போட்டாலும் தப்பில்லை. மேலே வரும்போது கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். சீஸ் ஆவதைவிடப் புகைவது மேல்.

மலையில் பாதி ஆக்சிலேட்டரில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறோம். அந்த நிலையில் மெயின் ஜெட்டுக்கு வேலை குறைவு, கலவையைத் தீர்மானிப்பது, ஆக்சிலேட்டரை முறுக்கினால் எழும் ஸ்லைடில் தொங்கும் நீடில் என்கிற ஊசி. அதன் தலைப்பக்கம் காடி காடியாக வெட்டி, ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி மேலே போட்டால் நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். கீழே போட்டால் கூடும். காசே ஆகாத ட்யூனிங் இது. ஒரு காடி மாற்றி, நாலு கிலோமீட்டர் ஏற்றத்தில் ஓட்டி, இஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் உடனே பழைய காடிக்கே திரும்பிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் சைலன்சரைக் கழற்றி உள்குழாயில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். ஸ்லைடைக் கையில் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று இருந்தால் தேய்ந்துவிட்டது, அப்போது புதுசு வாங்கலாம், அதே 20 எம்எம்மில், டூப்ளிகேட் இல்லாததாக. இத்தனைக்குப் பிறகும் இழுவை போதாது என்றால் செயின் மாட்டுகிற முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறையுங்கள். 14 பல் இருந்த இடத்தில் 13 போட்டால் இழுவை ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும். டாப் ஸ்பீடு குறையும்தான், ஆனால் கோத்தகிரி ரோட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட் 350, அவர் போன பிறகு மூன்று வருடம் சும்மா நின்றது. இப்போது காலையில் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு, பெட்ரோல் வாடை, பிளக் கரியாகக் கருக்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். – குன்னூர் வாசகி

பதில்: மாற்றாதீர்கள் சகோதரி, முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வருகிறது என்றால் பெரும்பாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதக்கிற ஃப்ளோட்டுக்கு மேலே இருக்கிற ஊசி வால்வு தேய்ந்து, பெட்ரோல் நிற்காமல் வழிகிறது. சின்ன சாமான்தான். மூன்று வருடம் நின்ற வண்டியில் ஸ்டார்ட்டுக்கும் ஐடிலுக்கும் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டின் ஓட்டை பிசின் பிடித்து அடைத்திருக்கும், அதனால் ஸ்டார்ட் ஆகாது, சோக்கை இழுத்து வைத்தே ஓட்டுவீர்கள், பிளக் கருக்கும். குன்னூர் பனியும் சேர்ந்துகொள்ளும், எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிற பண்டம், டேங்கின் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். டேங்கைக் காலி செய்து கழுவி, பெட்ரோல் டியூபை மாற்றி, கார்புரேட்டருக்குப் புது வாஷர், ஊசி வால்வு போடச் சொல்லுங்கள். ஜெட் ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், ஓட்டை பெரிதானால் நம்பரே மாறிப்போகும். காற்றடித்தால் போதும். அப்பா செட் பண்ணி வைத்த நீடிலைக் கடைசி வரை தொட வேண்டாம், அவர் குன்னூரிலேயே ஓட்டியவர்தானே.

கேள்வி: ராஜ்தூத் 350. இரண்டு கார்புரேட்டரையும் ஓவரால் செய்தேன், பெரிய மெயின் ஜெட்டும் போட்டேன். இருந்தும் ஒரு சைலன்சர் மட்டும் புகைகிறது, வண்டி அதிர்கிறது. – ஊட்டி வாசகர்

பதில்: ஜோடி மாட்டில் ஒன்று முன்னே இழுக்க, ஒன்று பின்தங்கினால் கலப்பை நேராகவா போகும்? உங்கள் இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றி, இரண்டு தொண்டையிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, வேறொருவரை ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் விரலைவிட்டு எழ வேண்டும். முந்துவதன் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்யுங்கள். ஆயில் பம்ப் கேபிளையும் அதோடு பார்த்துவிடுங்கள், பலர் மறப்பது அதைத்தான். அப்புறம் ஊட்டி உயரத்துக்குப் பெரிய ஜெட் எதற்கு? பழையதையே போடுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் போட்டால் சத்தமும் பவரும் கூடுமாமே? – கூடலூர் வாசகர்

பதில்: சத்தம் கூடும். ஜூலை மழையில் கூடலூரில் அதைப் போட்டு ஓட்டினால் தண்ணீரும் உள்ளே போகும்.