பார்க்காத வெப்பநிலைக்குக் கையெழுத்தா?

கேள்வி: மீன் பதப்படுத்தும் ஆலையில் தரப்பிரிவில் இருக்கிறேன். குளிரறைப் பதிவேட்டில் மணிக்கொரு முறை வெப்பநிலையை எழுத வேண்டும். சூப்பர்வைசரோ, "எல்லாக் கட்டத்திலும் 4 டிகிரின்னு போட்டுக் கையெழுத்துப் போடும்மா, எப்படியும் வேகவெச்சுத்தானே சாப்பிடப் போறாங்க" என்கிறார். என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்த 'வேகவைத்துத்தானே' சமாதானம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் விட்டுப்போனால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளாக்கிவிடும். பிறகு கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் அது போகாது. மீன் நாறவேண்டும் என்றுகூட இல்லை. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடிக்கும். பாவம், தனக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார். புகையூட்டிய மீனையோ பலர் சமைக்காமலே சாப்பிடுகிறார்கள். அதில் வரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிரிலும் வளரும். கர்ப்பிணிக்குக் கருச்சிதைவு வரை கொண்டுபோகும்.

டின் சூரையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம். கடைசியில் சோதித்துக்கொள்ளலாமே என்றால், ஒரே லாட்டில், அதாவது ஒரே தொகுதிச் சரக்கில், ஒரு மீனில் எக்கச்சக்கமாக இருக்கும், பக்கத்து மீனில் இருக்காது. நாலு மீனைச் சோதித்துத் தப்பிக்க முடியாது. அதனால்தான் இத்தொழிலில் பதிவேட்டுக்கு இவ்வளவு மரியாதை. கம்ப்ரசர் பழுதாவது எந்த ஆலையிலும் நடப்பதுதான். 9 டிகிரி என்று எழுதியிருந்தால் அந்த லாட்டை நிறுத்தி வைக்கலாம். 4 என்று எழுதிவிட்டால் எதை நிறுத்துவது என்று முதலாளிக்கே தெரியாது.

இனி அளந்ததை, அளந்த நேரத்தோடு எழுதுங்கள். அளக்காத மணிக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதற்குத் திட்டு விழும், பரவாயில்லை. சூப்பர்வைசர் வற்புறுத்தினால், "அளந்தது 8, 4 என்று எழுதச் சொல்கிறீர்களா?" என்று செய்தியாக அனுப்பிக் கேளுங்கள். எழுத்தில் ஆமாம் சொல்லப் பலருக்குத் துணிவு வராது. தேதி, லாட் எண், சொன்னவர் யார் என்று உங்கள் சொந்த டைரியில் குறித்து வையுங்கள். பதிவேட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், பழி உங்கள் மேலேயே திரும்பும்.

மேலாளரும் கைவிரித்தால், உணவுப் பாதுகாப்புத் துறைதான் வழி. புகார் தருபவருக்குள்ள சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும். முதலில் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ பாருங்கள். புகாரில் ஏற்கெனவே வெளியே போன லாட்களின் எண்களைக் கட்டாயம் எழுதுங்கள். அவை இருந்தால்தான் சந்தையிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்க முடியும்.