ஆர்ப்2/3 புரதத் தொகுதி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆர்ப்2, ஆர்ப்3 இரண்டும் ஆக்டினைப் (செல்லுக்குள் இழையாகச் சேரும் புரதம்) போலவே இருக்கின்றனவே, தாங்களே இழையாகச் சேராதா?

பதில்: சேராது. இன்னும் 5 துணைப் புரதங்களோடு 7 உறுப்புகள் கொண்ட தொகுதியாகத்தான் வேலை செய்யும். சும்மா இருக்கும்போது ஆர்ப்2-வும் ஆர்ப்3-உம் விலகி நிற்கும். வாஸ்ப் போன்ற தூண்டிப் புரதத்தின் விசிஏ பகுதி வந்து பிடித்து, பழைய ஆக்டின் இழையின் பக்கவாட்டில் தொகுதி ஒட்டிய பிறகே இரண்டும் நெருங்கும். அங்கிருந்து சுமார் 70 பாகையில் கிளை முளைக்கும்.

கேள்வி: பைரீன் சோதனையில் (ஆக்டின் இழையாவதை ஒளிர்வால் அளப்பது) ஆர்ப்2/3 போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே கோடு வருகிறது, சார். ஆக்டின் 2 மைக்ரோமோலார் (10% பைரீன்), ஆர்ப் 20 நானோமோலார், விசிஏ 100 நானோமோலார்.

பதில்: அளவுகள் சரி. முதலில் ஆக்டின் மட்டும் உள்ள குழாயைப் பாருங்கள். அதுவே தாமதமின்றி ஏறினால் உங்கள் ஆக்டினில் ஏற்கெனவே சிறு இழைத்துண்டுகள் கிடக்கின்றன. ஜெல் வடிகட்டலில் பிரித்த புது ஆக்டினை எடுங்கள். பலமுறை உறையவைத்து உருக்கியது உதவாது. இரண்டு கோடுமே மந்தமாக இருந்தால் கால்சியத்தைச் சந்தேகியுங்கள். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ-வும் மெக்னீசியமும் சேர்த்து 2 நிமிடம் விட்டு, அதன் பிறகே உப்புக் கரைசலை ஊற்றவேண்டும். விசிஏ-வைக் கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். அளவு மீறினால் அதுவே தனி ஆக்டினைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும்.

கேள்வி: ஆர்ப்2/3-ஐத் தடுக்கும் சிகே-666 போட்டும் செல்லில் ஆக்டின் குறையவில்லையே?

பதில்: மொத்த ஆக்டினை அளக்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். 100 மைக்ரோமோலாரில் அகன்ற விளிம்பு மடிப்பு சுருங்கும், முள் போன்ற நீட்சிகள் தங்கும். கிளைக்குப் போகாமல் மிஞ்சிய ஆக்டினை ஃபார்மின் என்ற இன்னொரு புரதம் எடுத்து நேர் இழையாக்கிவிடுகிறது. செயலற்ற இணையான சிகே-689-ஐ அதே டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கும் திரவம்) அளவில் போட்ட தட்டு பக்கத்தில் இல்லாமல் எந்த முடிவும் எழுதவேண்டாம்.

கேள்வி: குழந்தைக்குத் தட்டணு குறைவு, எக்சிமா, அடிக்கடி தொற்று. வாஸ்ப் பரிசோதனை இயல்பு என்கிறார்கள். இனி என்ன பார்ப்பது, மேடம்?

பதில்: ஆர்ப்2/3 தொகுதியின் 5 துணைப் புரதங்களில் ஒன்றுக்கான ஏஆர்பிசி1பி மரபணு. 2017-இல் விவரிக்கப்பட்ட குறைபாடு இது. வாஸ்ப் குறைபாட்டால் வரும் விஸ்காட்-ஆல்ட்ரிச் நோயைப் போலவே தோன்றும், ஆனால் எக்ஸ் குரோமோசோமில் இல்லை. பெண் குழந்தைக்கும் வரும். மற்றச் செல்களில் அதன் இணையான ஏஆர்பிசி1ஏ ஈடுகொடுக்கும், இரத்தச் செல்கள் பெரிதும் 1பி-யையே நம்பியிருப்பதால் பாதிப்பு அங்கே தெரிகிறது. தோலில் இரத்தக்குழாய் அழற்சி, இயோசினோஃபில் (ஒருவகை வெள்ளணு) மிகுதி இருந்தால் சந்தேகம் வலுக்கும். பெற்றோர் இருவரும் கடத்திகளாக இருக்கவேண்டும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் நடந்ததா என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நோய்த்தடுப்பியல் மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள். உறுதியானால் மூலச்செல் மாற்று சிகிச்சை பற்றி அவரிடமே பேசவேண்டும்.